பையனுக்கு மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: வலிப்புக்கு இது அவசியமா?

கோட்டையூரான்

வணக்கம். எங்களுக்குக் காரைக்குடி பக்கத்தில் கோட்டையூர். பையனுக்கு ஒன்றேகால் வயது. அவனுடைய வலிப்பு விஷயமாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சளியால் தள்ளிப்போன தடுப்பூசியை ஐந்தாம் மாதத்தில் போட்டோம். அன்று ராத்திரி காய்ச்சல். விடியக்காலையில் இடது கையும் இடது காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்ட பிறகுதான் நின்றது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காய்ச்சலில் வருவதுதான், வளர்ந்தால் போய்விடும் என்றார்கள். கொஞ்ச நாளில் மறுபடி காய்ச்சல், மறுபடி வலிப்பு, ஆனால் இந்தத் தடவை வலது பக்கம். சித்திரை வெயிலில் காய்ச்சலே இல்லாமல் வந்தது. வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை வந்தது.

ஈஈஜி நார்மல், எம்ஆர்ஐ நார்மல். கார்பமாசெபின் சிரப் கொடுத்தார்கள். டோஸ் ஏற்ற ஏற்ற வலிப்பு கூடத்தான் செய்ததே தவிர குறையவில்லை. இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தோள் திடுக் திடுக்கென்று தூக்கிப் போடுகிறது.

மதுரையில் குழந்தைகள் நரம்பு டாக்டர் ஒருவரிடம் போன வாரம் காட்டினோம். முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கார்பமாசெபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லி, சில ரத்தப் பரிசோதனைகள் பார்த்துவிட்டு வால்ப்ரோயேட் தொடங்கலாம் என்றார். கூடவே எக்ஸோம் என்று ஒரு ஜீன் டெஸ்ட் எழுதியிருக்கிறார். இருபத்தைந்தாயிரம் பக்கம் ஆகும் என்கிறார்கள். ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே மருந்தை மாற்றுகிறாரே, அது சரியா? ஜீனை நம்மால் மாற்ற முடியாது என்னும்போது இவ்வளவு செலவு செய்து தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மனைவி எனக்கு அம்மான் மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஆத்தா, “என் அண்ணன் வீட்டில் அப்படி யாருக்கும் கிடையாது, உன் மாமியார் பிறந்த வீட்டு வழியில்தான் வந்திருக்கும்” என்கிறார்கள். மனைவி சரியாகச் சாப்பிட்டுப் பல நாள் ஆகிறது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், அந்தக் கவலை வேறு.

புதுவயல் பாண்டி

அண்ணே, தைரியமாக இருங்கள். வலிப்பு என்றாலே பரம்பரை என்று நம் பக்கம் ஒரு எண்ணம் ஊறிப்போய்க் கிடக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் அரிசி மில்லில் நிற்கும்போது திடீரென்று பிட்ஸ் வந்து விழுந்தான். அதுவரை ஒன்றுமே கிடையாது. கூட இருந்தவர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையில் சின்னதாக ஒரு கட்டி. பன்றி நாடாப்புழுவின் முட்டை, அசுத்தமான சாப்பாடு, தண்ணீர் வழியாக உள்ளே போய் மூளையில் தங்கினால் இப்படி வருமாம். பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும், சுத்த சைவத்துக்கும்கூட வரும், ஏனென்றால் முட்டை ஒட்டியிருப்பது கழுவாத கீரையிலும் கழுவாத கையிலும். புழு மருந்து, ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை மூன்றும் கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. அப்புறம் டாக்டரே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். அவனுக்கு யாரும் ஜீன் டெஸ்ட் எழுதவில்லை, தேவையும் இல்லை.

தலையில் அடிபட்டு வருகிறது, பிரசவத்தில் மூச்சு முட்டி வருகிறது, மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வருகிறது. அதனால் எல்லோருக்கும் ஜீன் டெஸ்ட் வேண்டியதில்லை. உங்கள் பையனுக்கு ஏன் எழுதினார் என்று அந்த டாக்டரிடமே கேட்டுப் பாருங்கள்.

வள்ளி, தேவகோட்டை

தம்பி, பாண்டி சொல்வது சரி. பெரியவர்களுக்குப் புதிதாக வருகிற வலிப்பில் பெரும்பாலும் ஸ்கேனும் ஈஈஜியும் போதும். ஆனால் உங்கள் பையன் கதை அப்படி இல்லை. ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்கிறது, காய்ச்சலோடு வந்திருக்கிறது, அரை மணி நேரம் நின்றிருக்கிறது, ஒரு தடவை இடது ஒரு தடவை வலது, வெந்நீரில் வந்திருக்கிறது, படங்கள் எல்லாம் நார்மல், கார்பமாசெபினில் கூடியிருக்கிறது. இத்தனையும் சேர்ந்து வந்தால் நரம்பு டாக்டர்களுக்கு முதலில் தோன்றும் பெயர் ட்ராவே சிண்ட்ரோம். நான் டாக்டர் இல்லை, பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். ஆனால் என் மகளுக்கு இது இருக்கிறது, இப்போது பதினாறு நடக்கிறது. அதனால் தெரிந்ததை முழுசாகவே சொல்கிறேன்.

மார்செய் நகரத்தில் ஷார்லெட் ட்ராவே என்ற பிரெஞ்சு டாக்டர் அம்மா 1978-இல் இந்த வகைக் குழந்தைகளைத் தனியாகப் பிரித்து எழுதினார். காய்ச்சல் வலிப்பு என்று எல்லோரும் ஒரே கூடையில் போட்டு வைத்திருந்ததில் இவர்கள் வேறு என்று அவர் கண்டது வெறும் கவனத்தால். அப்போது ஜீன் எதுவும் தெரியாது. 2001-இல் பெல்ஜியத்தில் ஆராய்ந்தவர்கள் இந்த நோயுள்ள ஏழு குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஏழு பேருக்கும் எஸ்சிஎன்1ஏ என்ற ஒரே ஜீனில் பழுது. ஏழு பேரின் அப்பா அம்மாவுக்கும் அந்தப் பழுது இல்லை. அதாவது அது குழந்தை உருவாகும்போது புதிதாக விழுந்த எழுத்துப் பிழை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ட்ராவே குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த ஜீனில்தான் பழுது இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது அப்பா வழியும் இல்லை, அம்மா வழியும் இல்லை. சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அசலில் கட்டியவர்களுக்கும் இதே அளவுதான் வருகிறது. சொந்தத்தில் கட்டினால் கூடுவது வேறு ரகம்: அப்பா அம்மா இருவரும் ஒரே பழுதை ஒளித்து வைத்திருந்து, இரண்டும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள். அந்த ரகத்திலும் வலிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. எந்த ரகம் என்று ஊரார் வாய்க்குத் தெரியாது, ரத்தம்தான் சொல்லும். என் மாமியார் வீட்டிலும் இதே பேச்சுத்தான் பல வருஷம் ஓடியது. என் பிறந்த வீட்டு வழியில் ஒரு சித்தப்பாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததாம், அதைத் தோண்டி எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்கள். ரிப்போர்ட்டில் “தாயிடம் இல்லை, தந்தையிடம் இல்லை” என்று வந்த தாளை என் கணவர் பூஜை அறையில் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செலவு செய்து தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்கள். உங்கள் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிடுவார், அது ஒன்று.

இன்னொன்று மருந்து. மூளையில் தூண்டிவிடும் செல்களும் உண்டு, அடக்கி வைக்கும் செல்களும் உண்டு. எஸ்சிஎன்1ஏ ஜீன் செய்து கொடுக்கும் சோடியம் வாசல் (செல்லுக்குள் சோடியத்தை விடும் வழி) முக்கியமாக வேலை செய்வது அடக்கும் செல்களில். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி. ஒரு பிரதி கெட்டால் வாசல் பாதியாகிறது. கண்மாயில் இரண்டு மடையில் ஒன்று தூர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமிருக்கும் மடையிலும் பலகை போட்டால் வயல் என்ன ஆகும்? கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், பெனிடாயின், லாமோட்ரிஜின் எல்லாம் சோடியம் வாசலை அடைக்கும் மருந்துகள். மற்ற எத்தனையோ பேருக்கு அருமையாகக் கேட்கும் மருந்துகள்தான். ட்ராவே குழந்தைக்குத் தினசரி மருந்தாகக் கொடுத்தால் அடக்கும் செல்கள் இன்னும் சோர்ந்துபோய் வலிப்பு கூடும். என் மகளுக்கு முதலில் காட்டிய இடத்தில் இதில் ஒரு மருந்தைத்தான் ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்த வருஷம் பிள்ளை பேசிக்கொண்டிருந்த நாலைந்து வார்த்தையும் போயிற்று. அந்த மருந்தை மாற்றிய பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே, ரிப்போர்ட் வரும் முன்னால் மருந்தை மாற்றுவது சரியா என்றால், உங்கள் டாக்டர் செய்வது முறையான வேலை. ட்ராவே என்பது குழந்தையைப் பார்த்து, நடந்ததைக் கேட்டுச் சொல்லும் முடிவு. ஜீன் அதை உறுதி செய்யும். ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ஒத்துக்கொள்ளாத மருந்தை எதற்குக் கொடுக்க வேண்டும்? ஆனால் அவர் சொன்ன கணக்குப்படிதான் குறைக்க வேண்டும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் அதுவே பெரிய வலிப்பைக் கொண்டுவரும்.

ஊசியால் வந்தது என்ற நினைப்பு மனதில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தடுப்பூசியால் மூளை கெட்டது என்று சொல்லப்பட்ட பதினான்கு பேரை ஆஸ்திரேலிய டாக்டர்கள் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். பதினொரு பேருக்கு இதே எஸ்சிஎன்1ஏ பழுது. ஊசியின் காய்ச்சல் முதல் வலிப்பை வெளியே கொண்டுவந்தது, நோய் பிறக்கும்போதே இருந்தது. மிச்ச ஊசிகளை விட்டுவிடாதீர்கள், அம்மை வந்தால் அந்தக் காய்ச்சல் இதைவிடக் கொடியது. ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் காய்ச்சல் மருந்துக்கும், கூடுதல் பாதுகாப்பு மருந்துக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வீடுகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், இதை எந்தப் புத்தகமும் நமக்காக எழுதியிருக்காது. எங்கள் வீட்டுப் பட்டாலை முழுக்க ஆத்தங்குடிக் கல். மகள் மூன்று வயதில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தக் கட்டங்களையே உற்றுப் பார்ப்பாள். இமை படபடவென்று அடிக்கும், கை ஒரு வெட்டு வெட்டும், தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி அதே கட்டத்துக்குக் கண் போகும். பார்ப்பவர்களுக்கு விளையாட்டாகத்தான் தெரியும். அதை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினோம். ட்ராவே குழந்தைகள் சிலருக்குக் கோடும் கட்டமும் மாறி மாறி வரும் வடிவங்கள், மினுக்கும் வெளிச்சம் இவையே வலிப்பைத் தூண்டும் என்றார். அன்று சாயங்காலமே கோடில்லாத கோரைப்பாயைப் பட்டாலை முழுக்க விரித்தோம். வளவில் தூண்களுக்கு இடையில் வெயில் பட்டை பட்டையாக விழும் நேரத்தில் அவளை அந்தப் பக்கம் ஓட விடுவதில்லை. எல்லாக் குழந்தைக்கும் இப்படி இருக்காது, உங்கள் பையன் தரையை உற்றுப் பார்க்கிறானா என்று மட்டும் பாருங்கள்.

சூடுதான் பெரிய எதிரி. தலைக்கு வெந்நீர் வேண்டாம், இளஞ்சூடுகூட யோசித்துத்தான். சித்திரை, வைகாசியில் பகல் நேரக் கல்யாணம், தேர் எதற்கும் தூக்கிப் போகாதீர்கள். வலிப்பு ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே டாக்டர் எழுதிக் கொடுப்பார். அது இல்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது. பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, கையில் இரும்பு திணிக்க வேண்டாம்.

கோட்டையூரான்

ஆச்சி, நீங்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பூஜை அறையில் வைத்த தாளைப் பற்றிய இடத்தில் அழுதுவிட்டாள். டெஸ்ட் எடுப்பது என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பணம் கட்டியும் ஒன்றும் வராமல் போகலாம் என்று லேபில் சொன்னார்கள், அப்படி ஆகுமா? அடுத்தது, ரிப்போர்ட்டில் எங்கள் வழியில் ஏதாவது இருக்கிறது என்று வந்துவிட்டால் தங்கை கல்யாணத்துக்கு அது தடையாகுமா? வீட்டில், கல்யாணம் முடியும்வரை டெஸ்டைத் தள்ளிப்போடலாமா என்றுகூடப் பேச்சு வருகிறது. இன்னொரு பிள்ளை பற்றி இப்போதைக்கு யோசிக்கவே பயமாக இருக்கிறது.

மீனாள் (கானாடுகாத்தான், இப்போது சென்னை)

அண்ணே, தள்ளிப்போட வேண்டாம். நான் மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன், தினமும் பார்ப்பது இந்தக் கேள்விகளைத்தான்.

ஒன்றும் வராமல் போகலாமா என்றால், போகலாம். எக்ஸோம் என்பது நம் இருபதாயிரம் சொச்சம் ஜீன்களில் புரதம் செய்யும் பகுதிகளைப் படித்துப் பார்ப்பது. சின்ன வயதில் தொடங்கும் கடுமையான வலிப்பில்கூடப் பல பேருக்கு விடை கிடைப்பதில்லை. ஆனால் உங்கள் பையன் மாதிரி அடையாளம் தெளிவாக இருக்கும் குழந்தைகளில் கிடைக்கும் வாய்ப்பு நிறையவே கூடுதல். அதனால் டாக்டர் எழுதிய சீட்டில் பையனுடைய விவரம் எல்லாம் இருக்க வேண்டும். எந்த மாதம் தொடங்கியது, எந்தப் பக்கம், காய்ச்சலோடா, எந்த மருந்தில் கூடியது. வெறுமனே “வலிப்பு” என்று எழுதி அனுப்பினால் ரிப்போர்ட் படிப்பவருக்கு எங்கே தேடுவது என்று தெரியாது. பல வீடுகளில் பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

பழுது இருக்கிறது, இல்லை என்று இரண்டே பதில் வரும் என்று நினைக்காதீர்கள். ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது நோய் தருவதா சும்மா இருப்பதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை என்றும் வரும். நம் ஆட்களில் இது கொஞ்சம் அதிகமாகவே வரும், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் உலகத் தொகுப்புகளில் இந்தியர்கள் குறைவு. அந்த மாதிரி வந்தால் அதை நம்பி மருந்தை மாற்றக் கூடாது, அடுத்த பிள்ளை பற்றி முடிவும் எடுக்கக் கூடாது. அப்பா அம்மா ரத்தத்தில் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். சில வருஷம் கழித்து அதே ரிப்போர்ட்டை மறுபடி படிக்கச் சொல்லலாம், அதற்குள் உலகத்தில் புதிதாக நிறையக் கண்டுபிடித்திருப்பார்கள்.

ட்ராவே இல்லாமல் வேறு ஏதாவது என்று வந்தாலும் மருந்துக்கு வழி உண்டு. ஏஎல்டிஎச்7ஏ1 ஜீனில் இரண்டு பிரதியும் கெட்டால் வலிப்பு மருந்து எதுவும் சரியாகக் கேட்காது, வைட்டமின் பி6 கேட்கும். விலையும் சொற்பம். இது இரண்டு பெற்றோர் வழியும் சேர்ந்து வரும் ரகம், அதனால் சொந்தத்தில் கட்டிய வீடுகளில் டாக்டர்கள் இதை மறக்க மாட்டார்கள். எஸ்எல்சி2ஏ1 பழுதென்றால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை மூளைக்குள் போதிய அளவு போகாது. மூளைக்கு மாற்று எரிபொருள் கொடுக்க, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு வைப்பார்கள். எஸ்சிஎன்8ஏ என்ற ஜீனில் வரும் பழுது பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏக்கு நேர் எதிர், அங்கே வாசல் அளவுக்கு மீறித் திறக்கும். வள்ளி ஆச்சி கூடாது என்று சொன்ன அதே கார்பமாசெபின் வகை அந்தக் குழந்தைகளுக்கு நல்ல மருந்து. ஜீனின் பெயர் தெரிவது எதற்கு என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில். இதுபோல் பெயர் தெரிந்தால் மருந்து மாறும் ஜீன்கள் இன்னும் இருக்கின்றன.

வால்ப்ரோயேட்டுக்கு முன்னால் ரத்தம் பார்க்கச் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். பிஓஎல்ஜி என்ற ஜீனில் பழுதிருக்கும் குழந்தைகளுக்கு அந்த மருந்து கல்லீரலைக் கெடுத்துவிடும். அதனால் இரண்டு வயதுக்குள் தொடங்குவதென்றால் டாக்டர்கள் கவனமாக இருப்பார்கள். சலித்துக்கொள்ளாமல் கொடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்பமாசெபின் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அம்மை என்று வேப்பிலை கட்டி உட்காராதீர்கள். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ள ஆசியர்களுக்கு அந்த மருந்தால் தோலே உரியும் ஆபத்து உண்டு என்று 2004-இல் தைவானில் கண்டார்கள். இந்தியர்களிலும் அந்த வகை இருக்கிறது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வள்ளி, தேவகோட்டை

மீனாள் விவரமாகச் சொல்லிவிட்டாள், நான் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி, பையனுக்குப் புதிதாக விழுந்த பழுது என்று வந்தால் உங்கள் தங்கைக்கு அதனால் ஊர்ப் பெண் யாருக்கும் இருப்பதைவிட ஒரு துளிகூட அதிக ஆபத்து கிடையாது. டெஸ்ட் எடுத்தால்தான் அதைத் தைரியமாகச் சொல்ல முடியும், எடுக்காவிட்டால் சந்தேகம் அப்படியே ஊரைச் சுற்றும். உங்கள் இருவர் வழியும் சேர்ந்து வந்தது என்று வந்தாலும், தங்கைக்கு ஒரு பிரதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு பிரதி இருந்தால் அவருக்கு நோய் வராது. மாப்பிள்ளைக்கும் அதே பழுது இருந்தால் மட்டும்தான் பிள்ளைகளைப் பற்றிக் கவலை. மாப்பிள்ளை நெருங்கிய சொந்தம் என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்வது நல்லது, அசல் என்றால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. இதை மறைத்து ஒரு கல்யாணம் செய்ய வேண்டியதே இல்லை, பேசிவிட்டுச் செய்யுங்கள்.

வலிப்பு உள்ளவர் கல்யாணம் செய்தால் அது செல்லாது என்று சொல்ல இடம் தரும் வரி நம் இந்துத் திருமணச் சட்டத்திலேயே இருந்தது. 1999-இல் நாடாளுமன்றம் அதை எடுத்துவிட்டது. சட்டம் எடுத்து இத்தனை வருஷம் ஆகியும் நம் வீடுகளில் ஜாதகம் பார்க்கும் இடத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதுதான் ஆறவில்லை. வலிப்பு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சரியான மருந்தில் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதில்லை.

அடுத்த பிள்ளை பற்றி இன்று முடிவு செய்ய வேண்டாம், ரிப்போர்ட் வரட்டும். புதிய பழுது என்றாலும் அடுத்த பிள்ளைக்கு வரவே வராது என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள். சில சமயம் அப்பாவின் விந்திலோ அம்மாவின் கருமுட்டையிலோ சிலவற்றில் மட்டும் பழுது இருக்கும், ரத்தத்தில் தெரியாது. அது குறைந்த வாய்ப்புத்தான். இருவர் வழியும் சேர்ந்தது என்றால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நான்கில் ஒன்று. எந்தப் பழுது என்று சரியாகத் தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் மூன்றாம் மாத வாக்கில் நஞ்சுக்கொடியில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க முடியும், அதற்கு அரசிடம் பதிவு பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். பழுதின் பெயர் தெரியாமல் அதைத் தேட முடியாது. அதனாலும்தான் பையனுடைய டெஸ்ட் முதலில் வேண்டும்.

என் மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தயங்கியிருப்பீர்கள். வலிப்பு முழுசாக நிற்கவில்லை. வால்ப்ரோயேட்டும் குளோபசாமும் ஓடுகிறது, நடுவில் சில வருஷம் கீட்டோ உணவில் இருந்தாள். பணியாரமும் சீயமும் வேகிற வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வெண்ணெயும் முட்டையும் நிறுத்துக் கொடுப்பது சாமான்யம் இல்லை. இருமல் சிரப்பில் இருக்கும் சர்க்கரைகூடக் கணக்கில் வரும். படிப்பு மெதுவாகத்தான் வருகிறது, நடையில் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. ஆனால் பேசுகிறாள், பாடுகிறாள், தெருவில் போகும் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். இந்த நோய்க்கென்றே ஸ்டிரிபென்டால், பென்ப்ளூரமின் என்று மருந்துகள் 2018 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருக்கின்றன, பழுதான ஜீனின் நல்ல பிரதியைக் கூடுதலாக வேலை வாங்கும் சிகிச்சைகளும் ஆராய்ச்சியில் இருக்கின்றன. அப்படி ஒன்று நம் பக்கம் வரும் நாளில், எந்த ஜீன் என்று பெயர் எழுதிய தாள் கையில் இருக்கும் பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

செலவு பற்றி: மரபணு மருத்துவத்துக்கென்று வேலூர் சிஎம்சியில் தனித் துறை இருக்கிறது. வலிப்புக்கென்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் பெரிய மையங்கள். மதுரை டாக்டரிடமே சலுகை, ஆராய்ச்சித் திட்டம் ஏதாவது உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

அடுத்த தடவை போகும்போது உங்கள் ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் சொன்னால் ஏறாதது டாக்டர் வாயால் கேட்டால் ஏறும். தோள் தூக்கிப் போடுவதை இப்போதே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கும் அன்றே நீங்கள் இருவரும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு வெயிலில் இன்னொரு முறை மதுரைக்கு அலைய வேண்டாம்.